சிறார் நீதிச் சட்டம்: மாணவர் போராட்டத்தால் என்ன மாறியது? ஆரணி நெசவாளர் வீட்டுப் பையனுக்கு அது என்ன செய்யும்?

"17 வயசுல இதெல்லாம் செய்யத் தெரியுது, தண்டனை மட்டும் குழந்தைக்கா?"

சிறார் ஒருவர் சம்பந்தப்பட்ட கொலை, பாலியல் வன்முறை என்று எந்தச் செய்தி வந்தாலும் இந்தக் கேள்வி கூடவே வந்துவிடும். 2012 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட்டில் கல்லூரி மாணவர்கள் தண்ணீர்ப் பீரங்கிக்கு முன்னால் நின்று கேட்டதும் இதைத்தான். மூன்றே ஆண்டுகளில் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. மாணவர்கள் தெருவில் இறங்கியதால் இவ்வளவு சீக்கிரம் ஒரு சட்டம் மாறியது அபூர்வம்.

அதே காலகட்டத்தில் இன்னொரு மாணவர் கூட்டம் கையில் நோட்டுப்புத்தகத்துடன் சிறைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் தொடங்கிய வேலையால், 12 வயதில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றிருந்த ஒருவர் 2023-ல் வெளியே வந்தார்.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிறார் நீதி என்பது என்னவென்று புரியும். அதுவும் ஆரணி மாதிரி ஒரு ஊரில் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும்.

ஆரணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாக நதிக் கரையில் இருக்கும் ஆரணி, பட்டுக்குப் பேர் போனது. ஆரணி பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீட்டுக்குள்ளேயே தறி, வீட்டுக்குள்ளேயே வேலை. நெசவாளர் வீட்டில் வேலை என்பது ஒரு ஆளோடு முடிவதில்லை. தார் சுற்ற ஒரு கை வேண்டும், பாவு பிணைக்கக் கூட ஆள் வேண்டும், கோர்வைப் புடவை என்றால் கரைக்கு நாடா தள்ள பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பல தலைமுறைகளாக அந்த இன்னொருவர் வீட்டுப் பிள்ளையாகவோ, முன்பணம் வாங்கிய வேறொரு வீட்டுப் பிள்ளையாகவோ இருந்திருக்கிறார்.

இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, தமிழ்நாட்டுப் பகுதிக்காகப் பக்கத்துக் காஞ்சிபுரத்தில் விசாரித்தது. முன்பணம் எப்படி ஒரு குழந்தையைத் தறியோடு கட்டிப்போடுகிறது என்பதை அது விவரித்தது. அதன்பின் பள்ளிச் சேர்க்கை வெகுவாகக் கூடியிருக்கிறது, நிலைமை அன்று போல் இல்லை. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இன்னும் இருக்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை முழுதாகத் தடை செய்தது. ஆனால் பள்ளி நேரம் முடிந்தபின், விடுமுறை நாட்களில், குடும்பத் தொழிலில் 'உதவி' செய்யலாம் என்றும் சொன்னது. நெசவு, வீட்டுக்குள்ளேயே நடக்கும் குடும்பத் தொழில். உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்க எந்த ஆய்வாளரும் ராத்திரி எட்டு மணிக்குத் தறிக்குழிக்கு வரப்போவதில்லை.

சிறார் நீதிச் சட்டம், அதாவது இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015, குழந்தைகளை இரண்டு வகையாகப் பார்க்கிறது. ஒன்று, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. மற்றொன்று, சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை. தொழிலாளர் சட்டத்துக்கு விரோதமாக வேலையில் இருக்கும் சிறுவன் முதல் வகை. அவனை மீட்டால் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அவனை வேலைக்குப் பிடித்துவைத்தவருக்குப் பிரிவு 79-ன்படி 5 ஆண்டு வரை கடுங்காவல். அதே பையன் ஒரு செல்போனைத் திருடினால் இரண்டாம் வகை. போக வேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம்.

காகிதத்தில்தான் இரண்டு குழந்தைகள். பையன் ஒருவனே. பள்ளியை விட்டு நின்ற 13 வயதில் அவனை யாரும் தேடவில்லை என்றால், 16 வயதில் போலீஸ் தேடும்போதுதான் அரசாங்கத்துக்கு அவன் இருப்பதே தெரியவரும்.

2012 டிசம்பர்: தெரு என்ன கேட்டது?

2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு பிசியோதெரபி மாணவிக்கு நடந்த கூட்டுப் பாலியல் வன்முறை நாட்டையே உலுக்கியது. குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரில் ஒருவருக்கு 18 வயது நிரம்ப இன்னும் சில மாதங்கள் இருந்தன. அப்போதிருந்த 2000-ம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம். 2013 ஆகஸ்ட் 31-ல் அதுவே உத்தரவாகவும் வந்தது. கோபம் இரண்டு மடங்கானது.

அந்தப் போராட்டத்தின் விளைவாக அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழுவைப் பலரும் பாலியல் குற்றச் சட்டங்களோடு மட்டுமே சேர்த்து நினைவு வைத்திருக்கிறார்கள். சுமார் 80,000 கருத்துகளை வாங்கி, ஒரே மாதத்தில், 2013 ஜனவரி 23-ல் அறிக்கை கொடுத்த குழு அது. தெருவில் நின்ற இளைஞர்களை அது மனதாரப் பாராட்டியது. ஆனால் அவர்களில் பலர் கேட்ட ஒன்றை மட்டும் ஏற்கவில்லை. சிறார் வயதை 18-லிருந்து 16-ஆகக் குறைக்கக் குழு மறுத்துவிட்டது. நம் இல்லங்கள் இருக்கிற லட்சணத்தில் அங்கிருந்து யார் திருந்தி வருவார்கள், முதலில் அதைச் சரி செய்யுங்கள் என்பதுதான் அதன் வாதத்தின் சாரம்.

அன்றைய தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், பதிவான மொத்த ஐபிசி குற்றங்களில் சிறார் மீதானவை சுமார் 1.2 சதவீதம். தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்தவர்கள் இதைவிடப் பல மடங்கு இருக்கும் என்றுதான் நினைத்திருப்பார்கள். (எங்களைப் போன்ற சேனல்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.)

2014 ஆகஸ்டில் புதிய மசோதா வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2015 பிப்ரவரியில் அதை எதிர்த்தது. மே 7-ல் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் கிடந்தது. டிசம்பர் 20-ல் அந்த இளைஞர் தண்டனை முடிந்து விடுதலையாகும் நாள் நெருங்கியதும் மறுபடியும் தெரு நிரம்பியது. விடுதலையை எதிர்த்த மனுவை 21-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ய, 22-ம் தேதி மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் சட்டம் அமலில் இருக்கிறது.

அந்த வாரம் வந்த ஒரு செய்தி நினைவிருக்கலாம். விடுதலையாகும் இளைஞருக்கு டெல்லி அரசு 10,000 ரூபாயும் ஒரு தையல் மிஷினும் கொடுக்கத் திட்டமிட்டிருக்கிறது என்பது. நாடே கொதித்தது. கொதித்தது நியாயம்தான் என்று தோன்றும். ஆனால் வெளியே வருகிற ஒருவர் பிழைக்க வழி இல்லாமல் மறுபடி குற்றத்துக்குப் போகக் கூடாது என்பதற்காகச் சட்டம் வைத்திருக்கும் பின்கவனிப்பு ஏற்பாடு என்பது இதுதான். அதை யாரும் விளக்கவில்லை.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

குற்றங்களை மூன்றாகப் பிரித்தது. 3 ஆண்டு வரை தண்டனை உள்ளவை சிறு குற்றம். குறைந்தபட்சமே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ளவை கொடிய குற்றம். நடுவில் இருப்பவை கடுமையான குற்றம்.

கொடிய குற்றம், அதுவும் 16 முதல் 18 வயதுக்குள் உள்ளவர் என்றால் மட்டும், இளைஞர் நீதிக் குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்யும். இதைச் செய்யும் உடல், மனத் திறன் இவனுக்கு இருந்ததா, விளைவு புரிந்துதான் செய்தானா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று பார்த்து, தேவையென்றால் வயது வந்தவரைப் போல விசாரிக்கச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அப்போதும் மரண தண்டனை கிடையாது. வெளியே வர வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

ஆக, "16 வயது ஆனாலே பெரியவன்" என்று சட்டம் சொல்லவில்லை. குழந்தை என்றால் இப்போதும் 18 வயது நிரம்பாதவர்தான்.

இந்த மதிப்பீட்டைச் செய்பவர்கள் யார் என்பதுதான் சிக்கல். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவர் பெண். மனநல நிபுணர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு பையனிடம் அரை மணி நேரம் பேசி, பல மாதங்களுக்கு முன் ஒரு நிமிடத்தில் அவன் மனதில் என்ன ஓடியது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறது சட்டம். 2017-ல் குருகிராம் பள்ளியில் ஒரு சிறுவன் கொல்லப்பட்ட வழக்கு இதற்கு உதாரணம். முதலில் மாநிலப் போலீஸ் பள்ளிப் பேருந்து நடத்துனரைப் பிடித்தது. பிறகு சிபிஐ வந்து அதே பள்ளியின் பிளஸ் 1 மாணவனைக் குற்றவாளியாகச் சேர்த்தது. அந்த மாணவனைப் பெரியவராக விசாரிப்பதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சட்டம் அமலாகி ஆறு ஆண்டுகள் கழித்து! அதுவரை எத்தனை மாவட்டங்களில் எத்தனை பேருக்கு எப்படி மதிப்பீடு செய்தார்களோ.

போர்ஷே காரும் பேட்டரி திருட்டும்

2024 மே 19. புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். அன்றே ஜாமீன். சாலை விபத்து பற்றி 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொன்னது நிபந்தனைகளில் ஒன்று. நாடு சிரித்தது, பிறகு கொந்தளித்தது. குழுமம் உத்தரவை மாற்றி அவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியது. ஜூன் 25-ல் மும்பை உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று விடுவித்தது. பெரியவராக விசாரிக்க வேண்டும் என்ற போலீசின் மனுவை 2025 ஜூலையில் குழுமம் நிராகரித்தது.

கட்டுரை எழுதச் சொன்னது அபத்தம்தான். ரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்கள் மீதே வழக்கு வந்தது அதைவிட மோசம். ஆனால் ஜாமீன்? பிரிவு 12-ன்படி சிறாருக்கு ஜாமீன்தான் விதி. குற்றம் ஜாமீனில் விடக்கூடியதா, விடக்கூடாததா என்ற பேச்சே இல்லை. விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்று காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். அதையும் எழுத்தில் பதிய வேண்டும்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். 2022 டிசம்பர் 29. தாம்பரத்தில் ரயில்வே பேட்டரி திருடியதாக 17 வயதுப் பையன் ஒருவனை ரயில்வே பாதுகாப்புப் படை பிடித்தது. செங்கல்பட்டு அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் 31-ல் இறந்துபோனான். உடலில் காயங்கள். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். தாய்க்கு ஆதரவாக மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி களத்தில் இறங்கியது. அரசு நிவாரணம் அறிவித்தது. (அவன் பெயரை இங்கே எழுதவில்லை. சட்டத்துடன் முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது பிரிவு 74-ன்படி குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.)

போர்ஷே பையனுக்கும் பேட்டரி பையனுக்கும் ஒரே சட்டம், ஒரே பிரிவு 12. ஒருவனுக்கு அன்றே வக்கீல் வந்தார். மற்றவன் இல்லத்துக்குப் போனான். சட்டம் மென்மையாக இருக்கிறது என்று நாம் கோபப்படுவது, அது ஒழுங்காகக் கிடைக்கிற சிலரைப் பார்த்துத்தான். கிடைக்காதவர்கள் செய்தியில் வருவது செத்தபிறகு.

இந்தியா கேட்டில் கூடியது போன்ற கூட்டம் அந்தப் பேட்டரி பையனுக்காக எங்கும் கூடவில்லை.

சந்துரு குழு என்ன ஆனது?

செங்கல்பட்டுச் சம்பவத்துக்குப் பிறகு 2023-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. மாணவர் இயக்கத்திலிருந்து சட்டத்துறைக்கு வந்தவர் அவர். அந்த ஆண்டு முடிவதற்குள் அறிக்கை கொடுத்துவிட்டார். அதில் முக்கியமானது, சட்டத்துடன் முரண்பட்ட சிறாருக்கான இல்லங்களைக் கவனிக்கத் தனித்துறை வேண்டும் என்பது. அதுவரை எல்லாம் சமூகப் பாதுகாப்புத் துறையின் கீழ். இப்போது அந்தத் துறை, குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்ற பெயரில் இயங்குகிறது. பெயரோடு வேறு என்னவெல்லாம் மாறியது என்று கேட்பது, போராட்டம் என்ற சொல்லுக்குப் பழகிய மாணவர் அமைப்புகள் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம். ஒரு தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குப் பத்து ரூபாய்தான் கட்டணம்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவனையும் தங்கையையும் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு, பள்ளிகளில் சாதி பற்றி ஆராய்ந்ததும் இதே சந்துருதான். அந்த அறிக்கை பெரிய விவாதமானது. கையில் கட்டும் கயிறு வரைக்கும் டிவியில் பேசினோம். இல்லங்கள் பற்றிய அறிக்கைக்கு அதில் பாதி வெளிச்சம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே பையன்களைப் பற்றியவை என்பது பலருக்கும் தோன்றவில்லை. அரிவாள் எடுத்த சிறுவன் அடுத்துப் போகிற இடம் கூர்நோக்கு இல்லம். அங்கே அவனுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவன் திரும்பி எப்படி வருவான் என்பது.

ஒரு வரலாற்றுக் குறிப்பு: இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் 1920-ல் மெட்ராஸ் மாகாணத்தில்தான் வந்தது. பெரியவர்களின் சிறையில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்ட மாநிலம் இது.

ஒரு பள்ளிப் பதிவேடு செய்த வேலை

இப்போது அந்த இரண்டாவது மாணவர் கூட்டம்.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2013 முதல் நாடு முழுவதும் மரண தண்டனைக் கைதிகளைச் சந்தித்து ஓர் ஆய்வு செய்தது. சிறைக்குள் போய் கைதிகளிடமும், தேடிப் பிடித்து அவர்கள் குடும்பங்களிடமும் பேசியதில் பெரும்பங்கு சட்ட மாணவர்களுடையது. 385 கைதிகளில் 373 பேரிடம் பேசினார்கள். 2016-ல் அறிக்கை வந்தது. சம்பவம் நடந்தபோது தங்களுக்கு 18 வயதே ஆகவில்லை என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள்.

ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவருடைய வழக்கு இப்படிப்பட்டது. 1994-ல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்றவர். உச்ச நீதிமன்றம் வரை உறுதியான தண்டனை. ஆனால் அவர் சொந்த ஊர் அரசுப் பள்ளிப் பதிவேட்டில் அவருடைய பிறந்த தேதி 1982 பிப்ரவரி 1. அப்படியென்றால் சம்பவத்தின்போது அவருக்கு வயது 12 ஆண்டு 6 மாதம். பல்கலைக்கழகத்தின் சட்ட உதவிக் குழு வழக்கை நடத்தியது. பதிவேட்டில் பெயர் சற்று வேறாக இருந்தது, அது இவர்தானா என்று நீண்ட விசாரணை நடந்தது. 2023 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு விடுதலை செய்தது. 3 ஆண்டுக்கு மேல் அடைத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லாத ஒருவர் 28 ஆண்டுகள் உள்ளே இருந்திருக்கிறார்.

வழக்கு முடிந்த பிறகும், எந்தக் கட்டத்திலும், "அப்போது நான் சிறுவன்" என்று சொல்லலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. வயதை எப்படி முடிவு செய்வது என்பதற்குப் பிரிவு 94 வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை.

இது ராஜஸ்தான் கதை மட்டும் இல்லை. 2016 முதல் 2021 வரை ஆறு ஆண்டுகளில் இந்தியாவில் குறைந்தது 9,681 குழந்தைகள் பெரியவர்களின் சிறைகளில் தவறாக வைக்கப்பட்டிருந்தார்கள் என்று ஐபுரோபோனோ அமைப்பு 2024-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஸ்டேஷனில் "வயசு என்ன?" என்று கேட்கும்போது பையன் பயத்தில் 19 என்பான். எழுதுபவர் எழுதிக்கொள்வார். கேட்க ஆள் இல்லையென்றால் அதோடு சரி.

ஆரணியில் ஒரு 16 வயதுப் பையன் பிடிபட்டால்?

ஒரு கற்பனை உதாரணம். எட்டாவதோடு நின்று, தறிக்கும் பட்டுக்கடைக்கும் எடுபிடி வேலை பார்க்கும் பையன். பைக் திருட்டு கேஸில் பிடிக்கிறார்கள். என்ன நடக்க வேண்டும்?

அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. சிறப்பு சிறார் காவல் பிரிவிடமோ, குழந்தைநலக் காவல் அலுவலரிடமோ உடனே ஒப்படைக்க வேண்டும். சீருடையில் இல்லாத அலுவலர் பேச வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கொடிய குற்றமாக இல்லாவிட்டால், பெரியவர்களோடு சேர்ந்து செய்யாதவரை, எஃப்ஐஆர் போடவே தேவையில்லை. பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும் என்கின்றன 2016-ம் ஆண்டு மாதிரி விதிகள். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்தில் வீட்டு நிலவரத்தை விசாரித்து அறிக்கை தர வேண்டும். சிறு குற்றம் என்றால் நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். நீட்டித்தாலும் மேலும் இரண்டே மாதம். அதற்குள் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும்.

நடைமுறையில் எங்கே இடறும்? மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலை ஆரணியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அரசு பாதுகாப்பு இல்லம் இருக்கும் வேலூர் காகிதப்பட்டறை இன்னொரு திசையில். ஒவ்வொரு தேதிக்கும் அப்பாவோ அம்மாவோ தறியை நிறுத்திவிட்டுப் பஸ் ஏற வேண்டும். கூலி நெசவுக்கு, நெய்தால்தான் கூலி. இரண்டு தேதி போவார்கள், மூன்றாவது தேதிக்கு வரமாட்டார்கள். "பெற்றோர் அக்கறையில்லை" என்று அறிக்கையில் ஒரு வரி ஏறும். ஜாமீன் மறுக்க அந்த ஒரு வரி போதும். நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால் பையனை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையைத் தளர்த்த வேண்டும் என்பது பிரிவு 12-லேயே இருக்கிறது. அது தெரிந்த ஒருவர் கூட இருந்தால்தான் அது நடக்கும்.

குழுமங்களின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2025 நவம்பரில் வெளியான இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட் ஆய்வுப்படி, 362 குழுமங்களின் முன்னிருந்த சுமார் ஒரு லட்சம் வழக்குகளில் 55 சதவீதம் 2023 அக்டோபர் இறுதியில் நிலுவையில் இருந்தன. ஏறத்தாழ நான்கில் ஒரு குழுமத்தில் முழு உறுப்பினர்களே இல்லை.

பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி வேறு: "கேஸ் ஆயிடுச்சே, இனி இவனுக்குக் கவர்ன்மென்ட் வேலை கிடைக்குமா?" கிடைக்கத் தடை இல்லை. சிறாராக இருந்தபோது நடந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வராது, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பதிவுகளை அழிக்க வேண்டும் என்கிறது பிரிவு 24. பெரியவராக விசாரிக்கப்பட்டு குற்றவாளி என்று முடிவான 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2015-ல் தெரு வாங்கிக்கொடுத்த மாற்றத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இது.

மாணவர்கள் எங்கே நுழையலாம்?

ஆரணியைச் சுற்றி மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரி, ஊரிலும் செய்யாறிலும் கலைக் கல்லூரிகள், வேலூரில் 2008 முதல் அரசு சட்டக் கல்லூரி. சட்டக் கல்லூரி மாணவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கீழ் துணைச் சட்டத் தன்னார்வலராகப் பதிவு செய்யலாம். குழுமத்துக்கு வரும் குடும்பத்தோடு நின்று அடுத்த தேதியைக் குறித்துக்கொடுப்பது, பையன் படித்த பள்ளிக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலை வாங்கிவருவது, 24 மணி நேரக் கணக்கைப் பார்ப்பது எல்லாம் பட்டம் வாங்கும் வரை காத்திருக்க வேண்டிய வேலைகள் இல்லை. சமூகப்பணி மாணவர்களுக்குக் களப்பயிற்சி எப்படியும் கட்டாயம். பள்ளி மாணவர்கள்கூட, வகுப்பில் திடீரென்று வராமல் நின்ற தோழனைப் பற்றி 1098-க்கு ஒரு போன் செய்யலாம். மேலே சொன்ன இரண்டு வகையில் அவன் முதல் வகையில் இருக்கும்போதே அந்த அழைப்பு போனால், இரண்டாவது வகை வராமலே போகலாம்.

தெருப் போராட்டம் வேண்டாம் என்பதல்ல. 2012 டிசம்பர் இல்லாமல் வர்மா குழுவே இல்லை. ஆனால் தெருவுக்கு அவசரம் அதிகம், அது கேட்கும் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு தண்டனை?" என்பதாகவே இருக்கிறது. குறைந்தபட்ச குற்றப் பொறுப்பு வயதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இன்றும் 7 வயதுதான். பிரிட்டிஷ் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்ததை 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதா அப்படியே எடுத்துக்கொண்டது. இலங்கை அதை 2018-ல் 8-லிருந்து 12-ஆக உயர்த்தியது. மூன்று குற்றவியல் சட்டங்களை ஒரே மூச்சில் மாற்றியபோது, இரண்டாம் வகுப்புக் குழந்தையைக் குற்றம் சாட்ட முடியும் என்ற விதியை ஏன் தொடவில்லை என்று எந்த வளாகத்திலிருந்தும் பெரிய சத்தம் எழவில்லை.

நம் மாவட்டக் குழுமத்தில் எத்தனை உறுப்பினர் பதவி காலி, கடந்த ஆண்டு எத்தனை சிறு குற்ற வழக்குகள் ஆறு மாதம் தாண்டின, எத்தனை பேருக்கு ஜாமீன் மறுக்கப்பட்டது, என்ன காரணம் எழுதினார்கள் என்பவை பெயர்களை வெளியிடாமலே கேட்டு வாங்கக்கூடிய தகவல்கள். பத்து ரூபாய் மனுவில் முதலில் எழுத வேண்டிய நான்கு கேள்விகள் இவை.